ராஸ் லஃபான் முதல் அரியமங்கலம் வரை: மீத்தேனைக் கட்டிப்போடும் கதை

2024 ஜனவரி 2ஆம் தேதி திருச்சிக்கு வந்த பிரதமர் மோடி, விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அதே மேடையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட திட்டங்களின் நீண்ட பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து சாயல்குடி வரை 488 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தியன் ஆயில் நிறுவனம் பதித்த இயற்கை எரிவாயுக் குழாய்தான் அது. எண்ணூரில் தொடங்கி பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று 1,400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெரிய குழாய்த் திட்டத்தின் ஒரு பகுதி. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயை வேடிக்கை பார்க்க யாரும் போவதில்லை. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் உரத்தையும் ஆட்டோக்களையும் அடுப்புகளையும் தொடப்போகிற விஷயம் அது.

அந்தக் குழாயில் ஓடும் வாயுவில் ஒரு பகுதி நம் மண்ணிலேயே, காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் எடுக்கப்படுவது. இன்னொரு பகுதி கடல் கடந்து, திரவமாக உறைகுளிரில் கப்பலேறி வருகிறது.

அந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். திருச்சிக்காரர்களுக்கு மீத்தேன் ஒன்றும் புதிதல்ல. அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக மலையாகக் குவிந்துகிடந்த குப்பைக்கிடங்கு கோடைதோறும் தீப்பிடித்து, தஞ்சாவூர் சாலையில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போன காலம் பலருக்கும் நினைவிருக்கும். காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும் காற்றுப் புகாத அடுக்குகளுக்குள் அழுகும்போது வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். முதல் பொறி எங்கிருந்து விழுந்திருந்தாலும், குவியலுக்குள்ளிருந்து அந்தத் தீக்குத் தீனி போட்டதில் மீத்தேனுக்குப் பங்கு உண்டு.

அதே வாயுவுக்குத்தான் எண்ணூர் துறைமுகத்தில் டாலர் கணக்கில் விலை கொடுக்கிறோம். அங்கே விலைபோவதற்கும் இங்கே புகைந்து வீணாவதற்கும் காரணம் ஒன்றே: அங்கே அது தப்பிப்போகாமல் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டிப்போடும் வேலையை உலகிலேயே பெரிய அளவில் செய்யும் இடங்கள்தான் எல்.என்.ஜி எனப்படும் திரவ இயற்கை எரிவாயுவை ஏற்றுமதி செய்யும் ஆலைகள்.

சிலிண்டர் வேறு, இது வேறு

சமையலறை சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும். அதனால்தான் 14.2 கிலோவை இரும்பு உருளையில் அடைத்து வீட்டு வாசலில் இறக்க முடிகிறது. மீத்தேன் அப்படி வழிக்கு வராது. அறை வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் வாயுவாகவே இருக்கும். ஆட்டோக்களிலும் பேருந்துகளிலும் நிரப்பும் சி.என்.ஜி, சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் அடைக்கப்பட்டிருந்தாலும் வாயுதான். மீத்தேனைச் சாதாரண அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்க வேண்டுமானால் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? திரவமானதும் அதன் கொள்ளளவு சுமார் 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உலகின் மிகப்பெரிய எல்.என்.ஜி கப்பல் வகையான கியூ-மேக்ஸ் 2 லட்சத்து 66 ஆயிரம் கன மீட்டர் திரவத்தை ஏற்றும். கரையில் அதைச் சூடாக்கினால் ஏறக்குறைய 16 கோடி கன மீட்டர் வாயு கிடைக்கும். குழாய் போட முடிந்த இடத்தில் குழாய் போடலாம். ஆழ்கடல் குறுக்கிட்டால் குளிர்தான் வழி.

இந்த வழியை முதலில் கடலில் சோதித்துப் பார்த்தது 1959இல். ‘மீத்தேன் பயனீர்’ என்ற கப்பல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கேன்வி தீவுக்குத் திரவ எரிவாயுவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964இல், அல்ஜீரியாவின் அர்ஸூவில் முதல் வணிக ஏற்றுமதி ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு அலாஸ்கா, புரூணை, இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியா என்று பரவியது. இந்தியாவுக்கு நீண்ட காலமாக அதிக எல்.என்.ஜி அனுப்பிவரும் நாடு கத்தார்.

ராஸ் லஃபானுக்குள்

தோஹாவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் பாலைவனக் கரையோரத்தில் இருக்கிறது ராஸ் லஃபான் தொழில் நகரம். அதற்கு எதிரே கடலுக்கடியில் ‘நார்த் ஃபீல்ட்’ வாயுப் படுகை. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் படுகையின் மற்றொரு பகுதி ஈரானுக்குச் சொந்தம். அங்கே அதன் பெயர் தெற்கு பார்ஸ். இரண்டும் சேர்ந்தால் உலகிலேயே பெரிய இயற்கை எரிவாயுப் படுகை. 1996 கடைசியில் ராஸ் லஃபானிலிருந்து முதல் கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட்டது. 2010 டிசம்பருக்குள் அதன் திறன் ஆண்டுக்கு 7.7 கோடி டன்னை எட்டியிருந்தது.

கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வரும் வாயு தனியாக வருவதில்லை. தண்ணீர், லேசான எண்ணெய், கரியமில வாயு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் கலந்துதான் வரும். குளிர்விக்கும் முன் இவை ஒவ்வொன்றையும் கழித்தாக வேண்டும். கரியமில வாயு சிறிதளவு தங்கினாலும் குளிரில் கட்டியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அமைன் கரைசலால் அதைக் கழுவி எடுக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்ச, நுண்துளைகள் நிறைந்த மணிகள் அடைத்த உயரமான கலங்கள் இருக்கின்றன. பிரித்தெடுத்த கந்தகம் தனி ஏற்றுமதிச் சரக்காகிறது.

பாதரசமும் உண்டு. வாயுவில் அது இம்மியளவே இருக்கும். ஆனால் குளிர்விக்கும் கருவியின் உள்ளே இருப்பவை அலுமினியக் குழாய்கள். பாதரசம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் குளிர்விக்கும் கருவி பழுதானதற்கு இந்த அரிப்பே காரணம் என்று தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் பாதரசத்தை வடிகட்டுவது உலகெங்கும் வழக்கமான நடைமுறையானது.

அடுத்தது ஆலையின் இதயமான பகுதி. வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, பின் விரிய விட்டுக் குளிராக்குகிறது. இங்கேயும் அதே தத்துவம்தான். முதல் கட்டத்தில் புரொப்பேன் குளிர்விக்கும். அடுத்து மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், நைட்ரஜன் கலந்த குளிரூட்டி வேலையை ஏற்கும். பல மாடிக் கட்டடம் அளவுக்கு நிமிர்ந்து நிற்கும் பிரதானக் குளிர்விப்பானுக்குள் மெல்லிய அலுமினியக் குழாய்கள் கிலோமீட்டர் கணக்கில் சுருள்சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கீழிருந்து ஏறும் வாயு உச்சியை அடையும்போது திரவமாகியிருக்கும். இந்த அடுக்கு வரிசை முழுவதையும் ‘ட்ரெயின்’ என்கிறார்கள். கத்தாரின் பெரிய ட்ரெயின் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 78 லட்சம் டன் தயாரிக்கக்கூடியது. அவற்றின் கம்ப்ரசர்களை ஓட்டுபவை மின்நிலையங்களில் இருக்கும் அளவிலான எரிவாயு டர்பைன்கள். உள்ளே வரும் வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஆலையை ஓட்டவே செலவாகிவிடும்.

மைனஸ் 162 டிகிரியிலும் திரவமாகாமல் மிஞ்சுவதில் ஒன்று ஹீலியம். அதையும் விடுவதில்லை. நம் ஊர் மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ ஸ்கேன் இயந்திரங்களுக்குத் தேவைப்படும் ஹீலியத்தை உலகுக்குத் தரும் முன்னணி நாடுகளில் கத்தாரும் ஒன்று.

பற்றவைப்பவர்களின் கை

இந்தக் குளிரைத் தாங்க சாதாரண இரும்பால் முடியாது. கண்ணாடி போல நொறுங்கிவிடும். சேமிப்புத் தொட்டியின் உட்சுவர் 9 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு. வெளியே தடித்த கான்கிரீட் சுவர். இடையில் பெர்லைட் என்ற வெப்பத்தடைப் பொடி.

நிக்கல் எஃகைப் பற்றவைப்பது தனிக் கலை. அந்தத் தகடு காந்தத்தன்மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெல்டர் மின்வில்லை மூட்டியதும் சுடர் நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். உருகிய உலோகம் இடம் மாறி விழும். அதனால் தகட்டைக் காந்தம் ஏறாமல் கையாளவேண்டும், ஏறியிருந்தால் இறக்கவேண்டும், பல இடங்களில் ஏ.சி மின்சாரத்தில் பற்றவைக்க வேண்டும். குச்சியும் சாதாரணக் குச்சியல்ல, நிக்கல் உலோகக் கலவை. முடிந்த பற்றுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே மயிரிழை ஓட்டை தெரிந்தாலும் அறுத்தெடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

திருச்சிக்கு இந்த வேலையின் அருமை தெரியும். பெல் நிறுவனம் கொதிகலன் செய்ய வந்த 1960களிலிருந்து வெல்டிங் இந்த ஊரின் பெரும் தொழில். 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே அமைந்தது. அரியமங்கலம் சேஷசாயி பாலிடெக்னிக்கிலும் சுற்றுவட்டார ஐ.டி.ஐ-களிலும் படித்துவிட்டு, துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் கைபழகி, திருச்சி விமான நிலையத்திலிருந்தே வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஃபிட்டர்களும் வெல்டர்களும் பல ஆயிரம். “ஷட்டவுன் வேலைக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்து, பழுது பார்த்து, குறித்த நாளுக்குள் மறுபடி ஓடவைக்கும் வேலை அது. இரவு பகல் ஷிப்ட். வாயுச் சோதனை முடிந்து பெர்மிட் கையெழுத்தாகாமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க முடியாது. கோடையில் 45 டிகிரி வெயிலில் நின்றுகொண்டு மைனஸ் 162 டிகிரிக்கான குழாய்களைப் பொருத்தும் இவர்களுடைய உழைப்பு அந்நாட்டு ஏற்றுமதிக் கணக்குகளில் தனி வரியாக வருவதில்லை. வந்தாக வேண்டிய உழைப்பு அது.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்

ஒரு ஏற்றுமதி ஆலை கட்டுவதற்கு ஆகும் பணம் மலைக்கவைக்கும். கத்தார் 2021 பிப்ரவரியில் அறிவித்த நார்த் ஃபீல்ட் கிழக்கு விரிவாக்கத்தின் மதிப்பு 2,875 கோடி டாலர். தலா 80 லட்சம் டன் திறனில் நான்கு ட்ரெயின்கள். இவ்வளவு பணத்தைப் போடுகிறவர் வாங்குகிறவரை முன்கூட்டியே கட்டிப்போட்டுக்கொள்வார். இருபது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் 1999இல் கத்தாரின் ராஸ்கேஸுடன் செய்துகொண்டது ஆண்டுக்கு 75 லட்சம் டன்னுக்கான ஒப்பந்தம். 2004 ஜனவரி 30 அன்று ‘திஷா’ கப்பல் முதல் சரக்கோடு குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு வந்துசேர்ந்தது. இந்தியாவின் எல்.என்.ஜி காலம் தொடங்கியது அன்றுதான். இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை உண்டு: சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். 2015இல் சந்தை விலை சரிந்தபோது பெட்ரோநெட் குறைவாக எடுத்தது. அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய் வரை வந்திருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த பேச்சில் கத்தார் அபராதத்தைக் கைவிட்டு, விலைச் சூத்திரத்தையும் மாற்றிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் கோவாவில் அதே 75 லட்சம் டன்னுக்கு 2028 முதல் 2048 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. உக்ரைன் போரால் ரஷ்யக் குழாய் வாயு குறைய, ஐரோப்பா கப்பல் சரக்குகளை எந்த விலைக்கும் வாங்கியது. ரஷ்யாவின் காஸ்ப்ரோமிடமிருந்து ஜெர்மனியின் கைக்கு மாறிய நிறுவனம் ஒன்று இந்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலுக்குத் தரவேண்டிய சரக்குகளை அனுப்பவில்லை. கெயில் இங்குள்ள தொழிற்சாலைகளுக்கான விநியோகத்தைக் குறைக்க நேர்ந்தது. கத்தாரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு எல்.என்.ஜி கப்பலும் குறுகிய ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே வெளியே வரமுடியும் என்பதும் நினைவில் கொள்ளவேண்டியது.

காற்று திசை மாறவும் செய்யும். அமெரிக்காவின் சபைன் பாஸ் 2008இல் இறக்குமதி முனையமாகத் திறக்கப்பட்டது. பாறைகளிலிருந்து எடுக்கும் ஷேல் வாயு அந்நாட்டில் பெருகியதும், அதே இடத்தில் ட்ரெயின்களைக் கட்டி 2016 பிப்ரவரியில் ஏற்றுமதியைத் தொடங்கியது. அங்கிருந்து கெயிலின் நீண்டகால ஒப்பந்தத்தின் முதல் சரக்கு 2018 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்தது.

எண்ணூரில் சூடாகும் திரவம்

தமிழ்நாட்டின் வாசல் எண்ணூர். காமராஜர் துறைமுகத்தில் சுமார் 5,000 கோடி ரூபாயில் இந்தியன் ஆயில் கட்டிய முனையம் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தியாவின் கிழக்குக் கரையில் இதுவே முதல் எல்.என்.ஜி முனையம். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். ஏற்றுமதி ஆலை செய்ததை இங்கே திருப்பிச் செய்ய வேண்டும். இத்தகைய முனையங்களில் பெரும்பாலும் கடல்நீரின் சூட்டைக் கொடுத்தே திரவத்தை வாயுவாக்குகிறார்கள். மீத்தேனுக்கு மணமில்லை, கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக, வீடுகளுக்கு அனுப்புமுன் நாற்றமுள்ள ரசாயனம் சேர்க்கப்படும்.

அங்கிருந்து மணலிக்குப் போகும் வாயு டெல்டா விவசாயியின் வயலுக்கும் வருகிறது. மணலியிலுள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 2019இல் நாப்தாவைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. யூரியாவின் மூலப்பொருளே மீத்தேன்தான். அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. அரியமங்கலம் வழியாகத் தஞ்சாவூர்ப் பக்கம் லாரியில் போகும் 45 கிலோ யூரியா மூட்டையின் விலையை மானியம் தாங்கிப் பிடிக்கிறது. அந்த மானியம் எவ்வளவு என்பதில் உலக எரிவாயு விலைக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

தப்பிப்போனால்

இந்தத் தொழில் தன் பாடங்களை உயிர் கொடுத்துக் கற்றது. 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு திரவ வாயுத் தொட்டி உடைந்தது. அதன் எஃகில் நிக்கல் 3.5 சதவீதம் மட்டுமே. வழிந்தோடிய திரவம் சாக்கடைகளுக்குள் புகுந்து ஆவியாகித் தீப்பிடித்ததில் சுமார் 130 பேர் மாண்டனர். இன்றைய 9 சதவீத நிக்கலுக்கும், தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்களுக்கும் பின்னால் அந்த மரணங்கள் இருக்கின்றன. 2004 ஜனவரியில் ஸ்கிக்டாவில் நடந்த வெடிவிபத்தில் 27 பேர் இறந்தனர்.

வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போய்விடும். எல்.பி.ஜி போலத் தரையில் தேங்காது. ஆனால் ஆலையிலும் துறைமுகத்திலும் நிலைமை வேறு. அப்போதுதான் கசிந்த எல்.என்.ஜி ஆவி கடும் குளிரால் காற்றைவிடக் கனமாகி, வெள்ளைப் புகைமூட்டமாகத் தரையோடு ஊர்ந்து வரும். அந்த வெண்மை காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்ததால் வருவது. மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் திரையின் எல்லையைத் தாண்டியும் அது இருக்கக்கூடும் என்பது அங்கே வேலை செய்பவருக்குக் கற்றுத்தரப்படும் அடிப்படைப் பாடம்.

தீப்பிடிக்காமலே செய்யும் தீங்கும் உண்டு. நிலக்கரியோடு ஒப்பிட்டால் மீத்தேன் எரியும்போது கரியமில வாயு ஏறக்குறைய பாதிதான் வெளிவரும். ‘தூய எரிபொருள்’ என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது. ஆனால் எரியாமல் வானுக்குப் போகும் மீத்தேன் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு பூமியைச் சூடாக்கும். கிணறு, குழாய், கம்ப்ரசர், கப்பல் என்று சங்கிலி நெடுகச் சில சதவீதம் கசிந்தாலே நிலக்கரியைவிட மேல் என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும். கட்டிப்போட்டிருக்கும் வரைதான் மீத்தேன் நமக்கு உதவும்.

குப்பைமேட்டுக்கும் இதே கணக்குதான். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் உலக அளவில் மீத்தேன் வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைப்பதாக உறுதிமொழி எடுத்தன. இந்தியா சேரவில்லை. நெல்வயலும் மாடும் சிறு விவசாயியின் பிழைப்பு என்பது அரசின் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் குப்பைமேட்டு மீத்தேனை நம்பி எந்த விவசாயியும் வாழவில்லை. அதைக் குறைக்க யாருடைய பிழைப்பிலும் கை வைக்க வேண்டியதில்லை.

அரியமங்கலத்தில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணி ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நிலம் மீள்வது பெரிய காரியம். அடுத்த குவியல் உருவாகாமல் தடுப்பது அதைவிடப் பெரிய காரியம். காந்தி மார்க்கெட்டில் தினமும் மிஞ்சும் வாழைத்தாரும் தக்காளியும் மூடிய கலனில் அழுகினால் எரிபொருள் தரும். திறந்த மேட்டில் அழுகினால் வானைச் சூடாக்கும். பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சுத்திகரித்த பிறகு அந்த மீத்தேனுக்கும் கத்தார் மீத்தேனுக்கும் வேதியியலில் வேறுபாடு கிடையாது.

அதை வாங்கவும் இப்போது ஆள் உண்டு. நகர எரிவாயு நிறுவனங்கள் தாம் விற்கும் வாயுவில் கழிவிலிருந்து எடுத்த வாயுவை 2025-26 முதல் 1 சதவீதம் சேர்க்கவேண்டும் என்றும், 2028-29இல் அதை 5 சதவீதமாக உயர்த்தவேண்டும் என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. திருச்சி மாநகராட்சி இதில் பங்கு கேட்க வேண்டுமானால் மக்கும் குப்பை வீட்டு வாசலிலேயே தனியாகப் பிரிந்து வரவேண்டும். பிளாஸ்டிக் கலந்து வந்தால் கலனுக்குள் போட முடியாது. மறுபடியும் ஏதாவதொரு மேட்டுக்குத்தான் போகும்.